தூங்குமூஞ்சி

ஈவ்னிங் பஜாரில் நாலு எச் பென்சில் கேட்டேன்.
“கட்டடமா போடுறீங்க?” என்றார் கடைக்காரர்.
மரம் என்றேன்.
மரத்துக்கு ஆறு பி-தான் நல்லா இருக்கும்,
மை மாதிரி இறங்கும் என்று எடுத்து வைத்தார்.
எனக்கு இறங்க வேண்டாம். கீற வேண்டும்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால்
பனி பெய்கிற ஊர்களில் சில பையன்கள்
பென்சிலை ஊசியாகச் சீவிக்கொண்டு
ஓக் மரத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தார்கள்.
பட்டையின் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு கோடு.
நிழலை விரலால் தேய்ப்பது
அவர்களுக்குப் பொய் சொல்வது மாதிரி.
மரத்தை ஆளைப்போல வரைந்தார்கள்,
ஆளை மரத்தைப்போல.
நண்பன் முகத்தில் இமைமுடி வரைக்கும் இருக்கும்,
கழுத்துக்குக் கீழே நாலு கோடு,
அப்புறம் வெறும் தாள்.
ஊர் பிரியும்போது
ஒருவர் முகத்தை ஒருவர் கொண்டுபோனார்களாம்.

அந்தப் படங்களின் ஜெராக்ஸ், பதினோரு தாள்,
என் டிபன் பைக்குள் கிடக்கிறது.
பகலில் ராஜாஜி சாலையில்
கன்டெய்னர் நம்பர் சரிபார்க்கிறேன்.
சாயங்காலம் தண்டையார்பேட்டையில் இறங்கினால்
டிப்போவுக்குப் பின்னால், தெரு முனையில்
நிற்கிறார் என்னுடைய ஆள்:
தூங்குமூஞ்சி.
எங்கள் பாஷை ஏற்கெனவே மூஞ்சி வைத்துவிட்டது.
எனக்குப் பாதி வேலை மிச்சம்.

ஓக்குகளில் மின்னல் விழுந்த வடு இருக்கும்.
இவர் மேல் விழுந்தது மின்வாரியம்.
நடுவே ஒயர் போக, இரண்டு பக்கமும் கிளை,
கையை விரித்து
‘எனக்கென்ன தெரியும்’ என்கிற மாதிரி.
தண்டில் ஆணி. பல் டாக்டர், பைல்ஸ், கண்ணீர் அஞ்சலி.
கண்ணீர் அஞ்சலியில் இருப்பவர் சிரிக்கிறார்.
அவரையும் வரைந்தேன்.
மரத்தில் இருந்தார், விட்டுவிட நான் யார்?
இலையில் லாரிக் கரி, என் விரலில் பென்சில் கரி.

நாலாம் நாள் ஏணியோடு வந்தார் எத்திராஜுலு.
வலது கிளையில் அரிவாள் இறங்கியபோது
அதில் நான் பாதிதான் போட்டிருந்தேன்.
“இன்னாம்மா எய்திக்கினு கீறே, கம்ப்ளைண்ட்டா?”
இல்லை, படம்.
“மரத்தையா?”
கொஞ்ச நேரம் யோசித்தார்.
“அப்ப என்னையும் போடு.”

ஏணியின் மூணாவது படியில் உட்கார்ந்தார்.
வெட்டுவது நின்றது.
அதற்காகத்தான் போட்டேன் என்று சொல்லமாட்டேன்.
அப்படியும் இருக்கலாம்.
புருவத்தில் மரத்தூள். மேலுதட்டில் பழைய தையல்.
இடது காது வலதைவிடக் கொஞ்சம் விரிந்திருந்தது,
பீடி சொருகிச் சொருகியோ என்னவோ.
நாற்பது நிமிஷம். இமைமுடி வரைக்கும்.
கழுத்துக்குக் கீழே நாலு கோடு போட்டு
நீட்டினேன்.

“சட்டை எங்க?”

அந்தக் காலத்தில் இப்படித்தான் என்று
டிபன் பையைத் திறந்து
பனி ஊர்ப் பையன்களைக் காட்டினேன்.
ஒவ்வொன்றாகப் புரட்டினார்.
“அவுங்களுக்கு சட்டை இருந்துச்சு, வுட்டுட்டாங்க.
நாங்க காண்ட்ராக்ட்டு.
இத்த வாங்க மூணு மாசம் அலைஞ்சேன். போடு.”

போட்டேன்.
பித்தான், பித்தானில் நூல், பாக்கெட்,
பாக்கெட்டில் டெஸ்டர், டெஸ்டருக்குள் குட்டி விளக்கு.
முகத்துக்கு ஆன நேரம் அதற்கும் ஆனது.
தாளை நாலாக மடித்து
அதே பாக்கெட்டில், அதே டெஸ்டருக்குப் பின்னால் வைத்தார்.
பிறகு ஏறி
மிச்சத்தை வெட்டினார்.

ஆறேகால் இருக்கும்.
மரம் இலை மூட ஆரம்பித்தது.
குட்டியானை வண்டியில் போட்டிருந்த கிளையும்
மூடிக்கொண்டிருந்தது.
அதற்கு இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை.

என் தாளில் அது பாதி இருக்கிறது.
ரப்பர் பையில்தான் இருந்தது.
ஆனால் நாலு எச்சை அழித்தாலும்
பள்ளம் நிற்கும்,
தாளைத் தெருவிளக்குக்குச் சாய்த்தால்
தெரியும்.